வெயிலில் இறங்கியதும் லென்ஸில் பனிமூட்டம்: நான் சரிசெய்த விதம்

வெயில் கொளுத்தும் நகரத்தில் தெருக்காட்சிகளைப் படம் எடுப்பவர்களுக்கு முதல் எதிரி ஏசி அறைதான். குளிர்ந்த கேமராவோடு வெளியே வந்த மறுநிமிடமே லென்ஸ் முழுக்க நீர்த்திவலை படிந்துவிடும். துடைத்தால் மறுபடியும் படியும். காற்றிலுள்ள ஈரப்பதம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. கண்ணாடி சூடேறும்வரை அது நிற்காது.

அதனால் ஏசி அறைக்குள்ளேயே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுகிறேன். அப்புறம்தான் வெளியே கிளம்புவது. ஈரம் பையின் மேல்தான் படியும், உள்ளே லென்ஸ் உலர்ந்தே இருக்கும். 20, 30 நிமிடம் பொறுத்தால் போதும். அதற்குள் லென்ஸைக் கழற்றவே கூடாது, ஈரம் உள்ளே படத்தைப் பதியும் சென்சார் வரை போய்விடும்.

அடுத்தது உச்சிவெயில். சுவரோர நிழலில் படுத்திருக்கும் நாயை எடுத்தால், வெயில் படும் சுவர் வெறும் வெள்ளையாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, -1 வரை இறக்கி, சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுக்கிறேன். இருண்ட நிழலை எடிட்டிங்கில் ஓரளவு மீட்கலாம், முற்றிலும் வெளுத்ததை மீட்க முடியாது. அப்படி எடுத்த ஒரு படத்தில் சுவரின் சுண்ணாம்பு வெடிப்பும், நாயின் நாக்கு நுனியில் தொங்கிய துளியும் அப்படியே விழுந்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த படம் அது.

ஃபோனில் எடுப்பவர்களுக்கு ஒன்று: சூடாகித் திரை மங்கினால் கேஸைக் கழற்றி நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.