ஹனுக்கா விளக்குக்கு எண்ணெய் அளந்து ஏற்றும் முறை

கி.மு. 164-இல் மக்கபேயர் என்ற யூதக் கிளர்ச்சியாளர்கள் எருசலேம் ஆலயத்தை மீட்டபோது, தலைமைக் குருவின் முத்திரை கலையாத ஒரே ஒரு எண்ணெய்க் குப்பி கிடைத்தது. ஒரு நாளுக்கான அந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்கிறது யூதர்களின் சட்ட, மரபுத் தொகுப்பான தல்மூத். அதன் நினைவாகத்தான் யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் தேதி தொடங்கி எட்டு இரவு, ஹனுக்கா பண்டிகையாக யூதர்கள் விளக்கேற்றுகிறார்கள். ஆனால் அந்த விளக்கில் எண்ணெயைக் குறைத்து ஊற்றி ஏற்றினால், அது எவ்வளவு நேரம் எரிந்தாலும் கடமை நிறைவேறாது. அற்புதத்தை நம்பி அளவைக் குறைக்கக் கூடாது. மற்ற விதிகளைப் படிக்கும்போதும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணெய். ஆலிவ் எண்ணெய் சிறப்பு, மெழுகுவர்த்தியும் செல்லும். இருட்டிய பிறகு அரை மணி நேரமாவது எரிய வேண்டும். அந்த அளவு, ஏற்றும் நொடியிலேயே அகலில் இருக்க வேண்டும். ஏற்றிவிட்டு மேலே ஊற்றி நிரப்பினால் செல்லாது. குறைவு என்று தெரிந்தால் அணைத்து, போதுமான எண்ணெய் விட்டு, மறுபடி ஏற்றுங்கள். ஏற்றுமுன் சொல்லும் ஆசியைத் திரும்பச் சொல்வதில்லை. மாறாக, சரியாக அளந்து ஏற்றிய விளக்கு காற்றில் தற்செயலாக அணைந்தால் கடமை முடிந்ததாகவே கணக்கு. மறுபடி ஏற்றுவது நல்லது, கட்டாயமில்லை.

ஆலிவ் எண்ணெய் கெட்டியானது, திரியில் மெல்ல ஏறும். அதனால் எண்ணெய் மட்டம் இறங்கியதும் சுடர் சுருங்கி, அடியில் எண்ணெய் இருக்கும்போதே திரி கருகிவிடும். திரியின் வால் அகலின் அடியைத் தொட வேண்டும். நுனி சிறிதளவே வெளியே நீட்டினால் போதும். எரிக்கும் முன் திரியை எண்ணெயில் முழுக்க நனையுங்கள். மிதக்கும் திரியென்றால் கண்ணாடிக் கிண்ணத்தில் பாதி தண்ணீர் விட்டு மேலே எண்ணெய் ஊற்றலாம். அகலில் கிடக்கும் திரிக்கு அது ஆகாது, வால் தண்ணீரை உறிஞ்சிச் சடசடவென்று அணையும். பண்டிகைக்கு முன்பே ஒரு கிண்ணத்தை ஏற்றி, கடிகாரம் பார்த்து அளவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைதான் பலரும் தவறும் நாள். அன்று மாலை யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குவதால், ஓய்வுநாள் விளக்குக்கு முன்பே, சூரியன் மறையுமுன், ஹனுக்கா விளக்கை ஏற்றியாக வேண்டும். இருட்டி அரை மணி வரை அது நிற்கவும் வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேர எண்ணெய் தேவை. கடையில் விற்கும் சின்ன வண்ண மெழுகுவர்த்திகள் அரை மணியில் தீர்ந்துவிடும், அன்றைக்குப் பயன்படாது.

வைக்கும் இடம்: வாசலின் இடப்பக்கம், வலப்பக்க நிலையில் இருக்கும் மெசூசாவுக்கு (மறைவசனச் சுருள் வைத்த சிறு பேழை) எதிரே. மாடியில் குடியிருந்தால் தெருவைப் பார்த்த சன்னல். அற்புதத்தை ஊரறியச் செய்வதே நோக்கம். ஆபத்துக் காலத்தில் வீட்டு மேசைமேல் வைத்தால் போதும் என்று தல்மூத் சொல்கிறது. சுடர்கள் ஒரே வரிசையில், ஒன்றோடொன்று கலக்காத இடைவெளியில் இருக்கட்டும். நெருக்கி வைத்தால் தீவட்டி போல் ஆகிவிடும்.

முதல் இரவு ஒன்று, பிறகு தினம் ஒன்று கூட்டி, எட்டாம் இரவு எட்டு. இது பழங்கால யூத அறிஞர் ஹில்லேலின் பள்ளி வகுத்த முறை. அதற்கு எதிரணியான ஷம்மாய் பள்ளி எட்டில் தொடங்கிக் குறைத்தது. மொத்தம் 36 சுடர். ஏற்ற உதவும் ஷமாஷ் என்ற துணை விளக்கையும் ஒவ்வொரு இரவும் சேர்த்தால் 44. வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கமாக அடுக்குங்கள். ஏற்றும்போது புதியதிலிருந்து வலப்பக்கம் நகருங்கள். ஏற்றுமுன் ஆசிகள்: முதல் இரவு மூன்று, மற்ற இரவுகளில் இரண்டு. அவற்றில் ஒன்று, 'அந்நாட்களில், இதே காலத்தில் எங்கள் முன்னோருக்கு அற்புதங்கள் செய்தவர்' என்று கடவுளைப் போற்றுகிறது. இந்த வெளிச்சத்தில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது, பார்க்க மட்டுமே. ஷமாஷை ஒரு படி உயரமாக வைப்பது அதற்காகத்தான்.

விளக்கு எரியும் அரை மணியில் பேச வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எண்ணெய் ஒரு நாளுக்கு இருந்ததே, அப்படியானால் அற்புதம் ஏழு நாள்தானே, ஏன் எட்டு? 16-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் யோசேப்பு காரோ இதை எழுப்பி மூன்று விடை தந்தார். எண்ணெயை எட்டாகப் பிரித்து ஊற்ற, ஒவ்வொரு பங்கும் இரவு முழுதும் எரிந்தது. ஊற்றிய பின்னும் குப்பி நிறைந்தே இருந்தது. காலையில் விளக்குகள் நிறைந்தே இருந்தன. மூன்றிலும் எண்ணெய் இன்மையிலிருந்து தோன்றவில்லை, இருந்ததன்மேல்தான் அற்புதம் நிகழ்ந்தது. இடைக்கால யூத அறிஞர் நாக்மானிதேஸும் இதையே சொன்னார்: படைப்புக்குப் பிறகு ஒன்றுமில்லாததிலிருந்து எதுவும் வருவதில்லை, ஆசி தங்க ஒரு துளியாவது வேண்டும். விவிலியத்தில் இறைவாக்கினர் எலிசா எண்ணெயைப் பெருக்கித் தந்த விதவையிடமும் முதலில் ஒரு சாடி எண்ணெய் இருந்ததே! மற்றோர் இடைக்கால யூத அறிஞரான மைமோனிதேஸோ அற்புதங்கள் படைப்பின்போதே இயற்கைக்குள் வைக்கப்பட்டவை என்றார்.

ஹனுக்கா நாட்களில் அன்றாடத் தொழுகையில் சேர்க்கும் 'அல் ஹனிஸ்ஸிம்' ('அற்புதங்களுக்காக') என்ற நன்றிப் பகுதியையும் கவனியுங்கள். எண்ணெய் எட்டு நாள் எரிந்தது அதில் இல்லை. பலரைச் சிலர் கையில் ஒப்படைத்த போர்தான் இருக்கிறது. பார்ப்பவருக்கு அது வெறும் போர்; நாக்மானிதேஸ் இத்தகையவற்றை மறைந்த அற்புதம் என்பார். சொல்ல மறந்து அந்தத் தொழுகையை முடித்துவிட்டால் திரும்பத் தொழ வேண்டியதில்லை.

எட்டாம் இரவுக்குப் பின், கடமைக்கென அளந்த எண்ணெயில் அகலில் மிஞ்சியதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், மற்ற எண்ணெயில் கலக்கவும் கூடாது. திரிகளோடு சேர்த்து ஒன்றாக எரித்துவிடுங்கள்.