பில் போடும்போது டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால்

புறக்கோட்டை மொத்தக் கடைகளில் பழைய விண்டோஸ் சேர்வரில் எஸ்கியூஎல் சேர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை ஓட்டுபவர்களுக்கு இது உதவும். இணைப்பே கிடைக்கவில்லை என்றால் சேர்விஸ் ஓடுகிறதா, ஃபயர்வோலில் அது வழக்கமாகப் பயன்படுத்தும் 1433 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதோடு முடியும். ஆனால் இணைப்பு கிடைத்து, நாலு பில் போட்ட பிறகு திடீரென்று அறுந்தால் நெட்வேர்க் கார்டையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும்.

ப்ராசஸரின் சுமையைக் குறைக்க, நெட்வேர்க்கில் தரவை ஒழுங்காக அனுப்பிப் பெறும் டிசிபி வேலையில் ஒரு பகுதியைக் கார்டே செய்யும், இதுதான் ஓஃப்லோட். டிரைவர் பழையதாக இருந்தால் இந்த உதவியே உபத்திரவம். விண்டோஸ் சேர்வர் 2003 சேர்விஸ் பேக் 2-இல் டிசிபி சிம்னி என்ற ஓஃப்லோட் வசதி தானாகவே ஒன் ஆகியிருக்கும், அந்தக் காலத்தில் அதனால் பட்டவர்கள் ஏராளம்.

முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள். சரிவரவில்லையா, டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்ட் பக்கத்துக்குப் போய் லார்ஜ் சென்ட் ஓஃப்லோடை (பெரிய தரவைத் துண்டாக்கி அனுப்பும் வேலையைக் கார்டிடம் விடுவது) நிறுத்திப் பாருங்கள், அப்புறம் மற்றவை, ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் எது குற்றவாளி என்றே தெரியாது. மாற்றும்போது நெட்வேர்க் ஒரு கணம் போய்வரும், ஆகவே கடை ஷட்டர் இறங்கிய பிறகு செய்யுங்கள். ப்ராசஸர் வேலை சற்றுக் கூடும்தான், பத்துப் பதினைந்து கொம்பியூட்டர் உள்ள கடையில் அது தெரியவே தெரியாது.