திண்டு இல்லாத பாத்ரூமில் பெரிய டைல்ஸ்: முதலில் வாட்டம்

குளிக்கிற இடத்துக்குத் திண்டு கட்டாமல் ஒரே தரையாக விட்டு, இரண்டுக்கு இரண்டடி டைல்ஸ் போட ஆசையா? ஆச்சி, தாத்தா இருக்கிற வீட்டுக்கு நல்ல யோசனை, கால் தடுக்காது. ஆனால் டைல்ஸ் ஒட்டுவதைவிட அதற்குக் கீழே கொடுக்கிற வாட்டத்தில்தான், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவில்தான், பாதி வேலை இருக்கிறது.

நடுவில் தண்ணீர் இறங்குகிற ஜாலி வைத்தால் நாலு பக்கமும் அதை நோக்கிச் சரிய வேண்டும். பெரிய டைல் வளையாது, அதனால் மூலையிலிருந்து ஜாலி வரைக்கும் குறுக்கே வெட்டித்தான் போட முடியும், பார்க்கவும் நன்றாக இருக்காது. பேசாமல் வாசலுக்கு எதிர்ச் சுவரை ஒட்டி நீளமான சேனல் டிரெயின் வைத்துவிடுங்கள். ஒரே பக்கமாக வாட்டம், டைலை வெட்டாமல் அப்படியே படுக்க வைக்கலாம்.

அடிக்கு 2 நூல் வாட்டம் போதும். 5 அடி நீளம் என்றால் 10 நூல், அதாவது ஒன்றேகால் அங்குலம். இந்த இறக்கத்துக்கு இடம் வேண்டும் என்பதால் தளம் போடும்போதே பாத்ரூமைத் தாழ்த்திப் போடச் சொல்லுங்கள். பழைய வீடு என்றால் தரையை உடைக்காமல் முடியாது. நம்மூரில் ஷவர் இருந்தாலும் வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பவர்கள்தான் அதிகம், தண்ணீர் ஒரேயடியாகப் பாயும், அதனால் வாசல் பக்கத் தரையும் உள்ளே பார்த்தே சாயட்டும்.

"டைல் போடும்போது கலவையை ஏற்றி இறக்கிச் சரி பண்ணிக்கலாம் அண்ணாச்சி" என்று கொத்தனார் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பசை சில மில்லிமீட்டர்தான் இருக்கும், அதில் வாட்டம் எடுக்க முடியாது. சிமெண்ட் தளத்திலேயே வாட்டம் முடிந்திருக்க வேண்டும், நீளமான மட்டப் பலகையை எங்கே வைத்தாலும் அடியில் வெளிச்சம் தெரியக் கூடாது.

அப்புறம் வாட்டர் புரூஃபிங். சுவரும் தரையும் சேரும் மூலையில் வலைத்துணி வைத்துப் பூசி, சுவரில் ஓரடி ஏற்றுங்கள், ஷவர் சுவரில் ஆளுயரத்துக்கு. காய்ந்ததும் சேனலை அடைத்து, வாசலில் தற்காலிகமாக ஒரு செங்கல் வரிசை வைத்துப் பூசி, 24 மணி நேரமாவது தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். திண்டு இல்லாத பாத்ரூமில் இந்தச் செங்கல் இல்லாமல் தண்ணீர் நிற்காது, அதைச் சாக்கு வைத்துச் சோதனையையே விட்டுவிடுவார்கள்.

ஒட்டும்போது விட்ரிஃபைடு டைலை ஊறப் போட வேண்டாம், பின்பக்கத் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பல் கரணையால் ஒரே திசையில் பசையை இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லிசாகப் பூசி அழுத்துங்கள். கத்திரி வெயிலில் பசை சீக்கிரம் தோல் கட்டிவிடும், ஒரு டைல் அளவுக்கு மட்டும் பரப்புங்கள். முதல் டைலைத் தூக்கிப் பார்த்து, எங்காவது பசை படாமல் இருந்தால் மறுபடி பூசுங்கள். காலி இடம் இருந்தால் தண்ணீர் தங்கும், டைலும் டொக்கு டொக்கென்று சத்தம் போடும்.

டைல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை எபாக்ஸி கலவையால் அடையுங்கள், சுவர் மூலையைச் சிலிக்கோன் பசையால். சேனல் ஓரத்தில் டைல் ஒரு மயிரிழை உயரமாக நிற்கட்டும். பளபளப்பான டைல் இங்கே வேண்டவே வேண்டாம், மேட் பினிஷ் வாங்குங்கள். கடையிலேயே ஒரு கை தண்ணீர் தெளித்து வெறுங்காலால் ஏறி நின்று பார்த்துவிட்டு காசு கொடுங்கள்.