கனடாவில் ஆயுள் காப்பீடு: ப்ராஸ்டேட் ஃபைலோடு வருபவர்கள் கவனத்துக்கு

ஹெல்த் கார்டு, சின் நம்பர், குடும்ப டாக்டர் தேடுவது இதையெல்லாம் ஒன்டாரியோவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இது ஐம்பதை ஒட்டிய வயதில், ஊரில் எடுத்த மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஃபைலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வரும் ஆண்களுக்கு. அந்த ஃபைலில் பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட் சுரப்பியில் கோளாறு உண்டா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) 4.8 என்று தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்தில் டாக்டர் கையால் ‘மூன்று மாதத்தில் ரிப்பீட்’ என்று எழுதியிருப்பார். பயண அவசரத்தில் ரிப்பீட் நடந்திருக்காது.

பிறகு வீட்டுக் கடன், அதையொட்டி இன்சூரன்ஸ். தெரிந்தவர் வழியாக ஒரு ஏஜென்ட் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பாரம் நிரப்புவார். ‘பரிந்துரைக்கப்பட்டு இன்னும் செய்யாத பரிசோதனை ஏதாவது உண்டா?’ என்ற கேள்வி வந்ததும், “அது ஊர்ல எடுத்ததுண்ணே, இங்க யாருக்கும் தெரியாது, இல்லைன்னு போட்டுடறேன்” என்பார். கமிஷன் அவருக்கு, கையெழுத்து உங்களுக்கு. இந்த ஒரு ‘இல்லை’யால் பணம் கிடைக்காமல் போன குடும்பங்கள் உண்டு என்பதால்தான் இவ்வளவு எரிச்சலோடு எழுத வேண்டியிருக்கிறது.

யாருக்கும் தெரியாது என்பது பொய். புது குடும்ப டாக்டரை முதல்முறை பார்க்கும்போது அந்த ஃபைலை நீட்டுவது நீங்களேதான். ‘சென்னையில் பி.எஸ்.ஏ. 4.8, ரிப்பீட் தேவை’ என்று அவர் தன் குறிப்பில் ஏற்றிவிடுவார். பாலிசி எடுத்த இரண்டு வருடத்துக்குள் மரணம் நேர்ந்தால், கம்பெனி மனைவியிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி முதலில் கேட்பது அந்தக் குறிப்புகளைத்தான். இறந்தது கார் விபத்திலாக இருந்தாலும் பயனில்லை. உண்மை தெரிந்திருந்தால் இதே நிபந்தனையில் பாலிசி கொடுத்திருப்போமா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். கொடுத்திருக்க மாட்டோம் என்றால் பாலிசி செல்லாது. கட்டிய ப்ரீமியம்தான் பொதுவாகத் திரும்பி வரும்.

இந்தியாவிலிருந்து வருபவர்கள் ஏமாறும் இடம் இன்னொன்று. அங்கே காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் 2015-இல் வந்த திருத்தப்படி, மூன்று வருடம் ஓடிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. ஒன்டாரியோவில் கெடு இரண்டே வருடம்தான், ஆனால் மோசடிக்குக் கெடு கிடையாது. தெரிந்தே மறைத்தது என்று நிரூபித்தால் பத்து வருடம் கழித்தும் கிளெய்மை மறுக்கலாம். பாலிசி காலாவதியாகிப் புதுப்பித்தாலோ, பழையதை விட்டுப் புதியது எடுத்தாலோ இரண்டு வருடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே முதலில் ரிப்பீட், பிறகு பாரம். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் சைக்கிள் ஓட்டுவதும் தாம்பத்தியமும் வேண்டாம். இரண்டுமே எண்ணை ஏற்றிவிடலாம். சிறுநீர்த் தொற்று இருந்திருந்தால், அது குணமாகி ஆறு வாரமாவது போகட்டும். ஊர் ரிப்போர்ட்டில் நானோகிராம்/மில்லிலிட்டர் என்றும் இங்கே மைக்ரோகிராம்/லிட்டர் என்றும் போடுவார்கள். எண் ஒன்றுதான், பெருக்கி வகுக்க வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த ப்ராஸ்டேட் மாத்திரையில் டூட்டாஸ்டரைடோ ஃபினாஸ்டரைடோ இருந்தால், சில மாதங்களில் அது பி.எஸ்.ஏ.வை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். முடி கொட்டாமலிருக்க எடுக்கும் 1 மில்லிகிராம் மாத்திரைக்கும் இது பொருந்தும். அப்படிப்பட்டவருக்கு 2.4 வந்தால் டாக்டர் அதை 4.8 போலத்தான் படிப்பார். மாத்திரைப் பெயரை லேபிடமும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பரிசோதிக்க வரும் நர்ஸிடமும் சொல்லிவிடுங்கள்.

உள்ளதைச் சொன்னால் கதவு மூடிவிடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். வயதோடு வரும் சாதாரண ப்ராஸ்டேட் வீக்கம், பி.எஸ்.ஏ. சரியான அளவில் என்றால் பல கம்பெனிகள் வழக்கமான ப்ரீமியத்திலேயே கொடுக்கும். பி.எஸ்.ஏ. ஏறியிருந்தும் எம்.ஆர்.ஐ.யோ பயாப்சியோ சுத்தம், எண்ணும் நிலையாக இருக்கிறது என்றால் பேச இடமுண்டு. ஏறியிருக்கிறது, காரணம் தெரியவில்லை என்றால்தான் ‘ஒத்திவைப்பு’, அதாவது காரணம் தெரியும்வரை முடிவைத் தள்ளிப்போடுவார்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தவர்களுக்கும் கிளீசன் எண் (புற்றுநோயின் தீவிரத்தைக் காட்டும் பயாப்சி மதிப்பெண்), எந்தக் கட்டம், முடிந்து எவ்வளவு காலம் என்பதைப் பார்த்துச் சில வருடங்களுக்குக் கூடுதல் கட்டணம் போட்டுக் கொடுப்பதுண்டு. காப்பீட்டுத் தொகையில் ஆயிரம் டாலருக்கு வருடம் 5 டாலர் கூடுதல் என்றால் 5 லட்சம் டாலர் பாலிசிக்கு வருடம் 2,500 டாலர். அது எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஒரே கம்பெனிக்கு விற்பவரை விட்டுவிட்டு, பல கம்பெனிகளோடு வேலை செய்யும் புரோக்கரைப் பிடியுங்கள். லைசென்ஸ் உண்டா என்று எஃப்.எஸ்.ஆர்.ஏ. (ஒன்டாரியோவின் நிதிச் சேவைக் கட்டுப்பாட்டு அமைப்பு) தளத்தில் பார்க்கலாம். முறையான விண்ணப்பத்துக்கு முன், உங்கள் பெயர் இல்லாமல் வயது, பி.எஸ்.ஏ. எண்கள், தேதிகள், ஸ்கேன் முடிவு இவற்றை மட்டும் அனுப்பிப் ‘ப்ரிலிமினரி என்கொயரி’ செய்யச் சொல்லுங்கள். இது முக்கியம். முறையாக விண்ணப்பித்து மறுத்துவிட்டால், அடுத்த பாரங்களில் ‘எந்தக் கம்பெனியாவது மறுத்ததா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டிவரும்.

வேலையில் சேர்ந்தவர்கள், வேலை தரும் நிறுவனம் ஊழியர்களுக்கு மொத்தமாக எடுக்கும் ஆயுள் காப்பீட்டை (குரூப் லைஃப்) அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு தொகை வரை உடல்நலக் கேள்வியே இருக்காது. தகுதி வந்த நாளிலிருந்து பொதுவாக 31 நாளுக்குள் சேர வேண்டும். தாமதித்தால் அங்கேயும் மருத்துவக் கேள்விகள்தான். வேலையை விடும்போதும் அதே 31 நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை இல்லாமல் தனிப் பாலிசியாக மாற்ற வழி இருக்கும். ப்ரீமியம் அதிகம்தான், ஆனால் ப்ராஸ்டேட் சிகிச்சை ஓடிக்கொண்டிருப்பவருக்கு அதுவே கைகொடுக்கும்.

வீட்டுக் கடன் கையெழுத்தாகும்போது வங்கியில் நீட்டும் இன்சூரன்ஸ் வேறு ரகம். நாலைந்து கேள்வி, ஒரு டிக், வேலை முடிந்தது. எளிது என்று மயங்க வேண்டாம். பல சமயம் உடல்நல ஆவணங்களைத் துருவுவதே கிளெய்ம் வந்த பிறகுதான். பணமும் வங்கிக்கே போகும், மனைவி கைக்கு வராது; கடன் குறையக் குறையத் தொகையும் குறையும்.

பாலிசி கையில் வந்ததும் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகல் அங்கே இருக்கும். ப்ராஸ்டேட், சிறுநீர்ப் பரிசோதனை, அப்பா அண்ணன் தம்பிக்குப் புற்றுநோய் உண்டா என்ற கேள்விகளுக்கு என்ன டிக் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். தப்பாக இருந்தால் ஏஜென்டுக்கு வாட்ஸப் போட்டுவிட்டு உட்காராமல், கம்பெனிக்கே எழுத்தில் திருத்தம் அனுப்பிப் பதில் வாங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் பொதுவாகப் பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் கட்டிய பணத்தை வாங்கலாம். இது தீரும்வரை ஊரில் ஓடும் எல்.ஐ.சி. பாலிசியைச் சரண்டர் செய்யாதீர்கள்.