பழைய காரில் ஆக்ஸிஜன் சென்சார் மாற்றிய அனுபவம்

செக் என்ஜின் விளக்கு அணையவே இல்லை. காரின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால், என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் முன் ஆக்ஸிஜன் சென்சாரின் (என்ஜின் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளப்பது) வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஏறி இறங்காமல் அப்படியே நின்றது.

ஒயரை வெட்டி இணைக்கும் பொதுவகை சென்சார் விலை குறைவுதான். ஆனால் பல சென்சார்களுக்கு, புகையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்று ஒயர் வழியாகத்தான் போகிறது. சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடும். அதனால் கனெக்டரோடு வரும் நான்கு ஒயர் சென்சாரையே வாங்கினேன்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. ஆறிய மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு நன்றாக ஊறவைத்து, ஒயர் நுழையப் பிளவுள்ள 22 மி.மீ. சாக்கெட்டால் திருகினேன். கிறீச்சென்று கத்தி இளகியது. புதியதற்கு மரையில் மட்டும் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை). முனையில் துளிகூடப் படக் கூடாது. முதலில் கையால் திருகி, அப்புறம் இறுக்குங்கள். ஸ்கேனரால் பழைய கோளாறுக் குறியீட்டை அழித்தேன், விளக்கு திரும்ப வரவில்லை.