டூயி பகுப்பில் தமிழ் நூல்களுக்கு இடம் தேடல்: சிறு நூலகங்களுக்கான வழிகாட்டி

நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பின்படி ஆங்கில நாவலின் எண் 823. தமிழ் நாவலின் எண் 894.8113. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு கல்லூரி நூலகத்திற்காக மெல்வில் டூயி உருவாக்கி 1876இல் வெளியிட்ட இந்த முறையில், இலக்கியத்திற்கான பத்துப் பிரிவுகளில் எட்டு ஐரோப்பிய, அமெரிக்க இலக்கியங்களுக்குப் போக, எஞ்சிய உலகம் முழுவதும் 890க்குள் அடைக்கப்பட்டது. சமயத்திலும் இதே நிலைதான்: 220 முதல் 280 வரை கிறித்தவத்திற்கு, மற்ற சமயங்கள் அனைத்திற்கும் 290.

முதலில், உங்கள் நூலகத்தில் இந்தச் சாய்வு யாருக்கு இடையூறாகிறது என்று பாருங்கள். சேர்க்கைப் பதிவேட்டைப் பிரித்து எந்த எண்ணில் நூல்கள் குவிந்திருக்கின்றன என்று எண்ணினால், பெரும்பாலும் 894.8113 என்ற ஒரே எண்ணில் பல அலமாரிகள் நிறைந்திருப்பதையும், 810, 820 பிரிவுகளில் சில நூல்களே இருப்பதையும் காண்பீர்கள்.

இதற்கான வழி டூயி அட்டவணைக்குள்ளேயே உண்டு. உள்ளூர் இலக்கியத்திற்கு 810ஐக் கொடுத்து அமெரிக்க இலக்கியத்தை 820க்கு மாற்றலாம். அப்போது தமிழ் நாவல் 813, தமிழ்க் கவிதை 811 ஆகும். அல்லது எண்ணுக்கு நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்து 8த3 என்று எழுதலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஏனெனில் அதில் வேறெந்த நூலையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. கோஹா போன்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்தினால் நூற்பதிவில் 894.8113 அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு படியின் முதுகுச் சீட்டில் வரும் அழைப்பெண்ணில் மட்டும் உள்ளூர் எண்ணை இடுங்கள். இல்லையெனில் பிற நூலகங்களுடன் பதிவுகளைப் பரிமாறும்போது குழப்பம் வரும். சமயப் பிரிவிலும் இத்தகைய விருப்பத் தேர்வு உண்டு என்றாலும், பொது நூலகத்தில் ஒரு சமயத்தை முன்னிறுத்துவது சாய்வை நீக்காது, ஆள் மாற்றும். அதைத் தவிர்ப்பதே நல்லது.

எண்ணைவிடக் கவனம் வேண்டுவது, நூல் எதைப் பற்றியது என்று பட்டியலில் சொல்லும் பொருள் தலைப்பு. வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1930 முதல் நூலகராக இருந்த டோரதி போர்ட்டர், கறுப்பினக் கவிஞரின் கவிதை நூலைக்கூட அடிமை முறை, குடியேற்றம் ஆகியவற்றுக்கான எண்களில் பிற நூலகங்கள் வைத்ததை ஏற்காமல், கவிதையைக் கவிதைக்குள் வைத்தார். தலித் எழுத்தாளரின் நாவலைச் சமூகவியலில் வைக்கும் நம் வழக்கத்துக்கும் இதே திருத்தம் பொருந்தும்: நாவல் நாவலாகவே இருக்க வேண்டும், தலித் இலக்கியம் என்பது கூடுதல் தலைப்பாக மட்டும் வரட்டும். பெண் கவிஞர்களுக்கும் அவ்வாறே.

இழிவான பழைய தலைப்பைக் கண்டால் அதிகாரபூர்வத் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘சட்டவிரோத அந்நியர்’ என்ற பொருளுடைய தலைப்பைக் கைவிட வேண்டும் என்று டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 2014இல் எழுப்பிய கோரிக்கை 2021இல்தான் நிறைவேறியது. உங்கள் பட்டியலில் ‘தீண்டத்தகாதோர்’ இருந்தால் ‘தலித்துகள்’ என்று மாற்றி, பழைய சொல்லிலிருந்து ‘பார்க்க’ என்னும் குறிப்பைக் கொடுங்கள். பழைய சொல்லில் தேடுபவரும் நூலை அடைய வேண்டுமல்லவா?

ரோமன் எழுத்துப் பதிவுகளை இறக்குமதி செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறை தமிழ் ‘ப’வை எப்போதும் ‘p’ என்ற எழுத்தாலேயே குறிப்பதால், பாரதியை ‘b’ என்ற எழுத்தில் தேடுபவருக்கு அவர் அகப்படமாட்டார். தமிழ் எழுத்து வடிவத்தையும் பரவலான ஆங்கில எழுத்துக்கூட்டலையும் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துவிடுங்கள்.

செய்த மாற்றங்களைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். முதுகுச் சீட்டுகளை ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். புதிய எண்ணுக்கு ஓர் அலமாரியை ஒதுக்கி, இரவல் போய்த் திரும்பும் நூல்களுக்கு மட்டும் புதுச் சீட்டு ஒட்டி அங்கே அடுக்குங்கள். அதிகம் படிக்கப்படும் நூல்கள் சில மாதங்களில் தாமாகவே இடம் மாறிவிடும்.