12,000 ரூபாய் சொன்ன கீசர் வேலை 1,850-ல் முடிந்தது

எங்கள் வீட்டு 15 லிட்டர் கீசர் எட்டாவது வருடம் அடியில் சொட்ட ஆரம்பித்தது. வந்த மெக்கானிக் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "புதுசு போட்டுடலாம் சார், 12,000 ஆகும்" என்றார். சரி, எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டேன். கீசர் 8,800. மீதியெல்லாம் இரண்டு பைப், வால்வு, கூலி!

வேறொருவரை அழைத்தேன். அவர் மெயினை அணைத்து, தண்ணீரை வடித்துவிட்டுக் கழற்றினார். டேங்க் ஓட்டையாகியிருந்தால் மாற்றியே ஆகவேண்டும், ஒட்டுப்போடுவது வீண். எங்களுடையதில் கசிந்தது கேஸ்கெட் என்ற ரப்பர் வளையம்தான். ஆனால் போர் தண்ணீரின் உப்பு, தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் மேல் தோசைக்கல் கரி மாதிரி அப்பியிருந்தது. மெக்னீசியம் தண்டோ கரைந்து வெறும் கம்பி. டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதுதான் அதன் வேலையாம். எனக்கு அப்படியொன்று உள்ளே இருப்பதே தெரியாது.

எலிமென்ட் 700, தண்டு 350, கேஸ்கெட் 100, கூலி 700. முன்பு அரை மணிக்கு மேல் காத்திருப்போம். இப்போது 2,000 வாட்டில் இருபது நிமிடத்தில் தண்ணீர் சுடச்சுட வருகிறது. அடுத்த வருடம் தண்டைப் பார்க்கக் காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன்.